வெயில், வாய், கை

நீச்சல்குளத்தை மூடச் சொல்லி அவள் கையெழுத்துப் போட்டது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை அலுவலகக் கணினியைத் திறந்தால் அறுபத்தொரு மெயில்கள். சாதாரணமாக ஒரு வாரத்துக்கே அவளுக்கு ஒன்பதோ பத்தோதான் வரும். அதிலும் பாதி, குளிர்சாதனப் பெட்டியில் யாருடைய சாப்பாட்டு டப்பா நாறுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் போகிற சுற்றறிக்கையாக இருக்கும்.

தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. குழாயில் வருகிற தண்ணீர், பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீர், பொது நீச்சல்குளத்துத் தண்ணீர் என்று எதுவானாலும் சின்னப் புட்டிகளில் அவள் மேசைக்கு வந்து சேரும். அதைத் தட்டில் விட்டுக் கதகதப்பான பெட்டிக்குள் ஒரு நாள் வைத்திருந்தால், உள்ளே கிருமி இருக்கும் பட்சத்தில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். அந்தப் புள்ளிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். "ஒரு துளி போதும், அது பொய் சொல்லாது" என்று பதினேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லியே, அலுவலகத்தில் அவளுக்குத் துளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. மேலாளரே ஒருமுறை வாய்தவறிக் கூட்டத்தில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை நீச்சல்குளத் தட்டில் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள். கழிவுநீரிலிருந்து வருகிற ரகம். மூன்று புட்டிகளுக்கு மூன்று தட்டு வைத்திருந்தாள், மூன்றிலும் அதேதான். கோடையின் உச்சம், ஊரில் பாதிப் பேர் அந்தக் குளமே கதி என்று கிடந்தார்கள். ஆனாலும் மூடாமல் இருக்க முடியாது. மூடும் அறிவிப்பின் அடியில் சோதித்தவரின் பெயரும் மெயில் முகவரியும் இருக்க வேண்டும் என்பது விதி. அதை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

'உனக்கு மனசாட்சி இருக்கா?' என்று தொடங்கியது முதல் மெயில். அடுத்ததில் மனசாட்சியைப் பற்றிய கேள்வி இல்லை. நேராக அவள் பிறப்பைப் பற்றிப் பேசியது. ஏசி அறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஊராரை வறுத்தெடுக்கிறாள் என்றார் ஒருவர். அவள் அறையில் ஏசி கிடையாது. அதைச் சொன்னால் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்து, பணிவாகப் பதில் எழுதினாள். பொதுமக்கள் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது அவள் வழக்கம் இல்லை. பகல் சாப்பாட்டுக்குள் பதினொரு பேருக்கு எழுதி முடித்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு மூன்று வசவுகள் திரும்பி வந்தன.

"அக்கா, அதையெல்லாம் எதுக்குப் படிச்சுக்கிட்டு? அழிச்சுட்டு வேலையப் பாருங்க" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"அதுல நிஜமா ஏதாவது கேள்வி கேட்டிருந்தா?"

"உங்கள மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் அவங்க எழுதுறாங்க."

செவ்வாய்க்கிழமை ஒரு தட்டை எண்ண உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வரை வந்தது. 'உன் குடும்பம் விளங்குமா' என்ற வரி குறுக்கே வந்து நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். மறுபடி விட்டுப்போயிற்று. நாலாவது தடவை தட்டைப் பக்கத்து மேசைக்கு நகர்த்தி, "நீயே எண்ணிடு" என்றாள். பதினேழு வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வசவுகளைவிட அதுதான் அவளை அதிகமாகக் கலக்கியது.

புதன்கிழமை வந்த மெயிலில் வசவே இல்லை. 'தினமும் ஆறு மணிக்கு சைக்கிள் எடுக்கிறாய் ,மஞ்சள் ஹெல்மெட் ,பாலத்துக்கு அடியில் விளக்கு இல்லை.. நியாபகம் வைத்துக்கொள்..'

துளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் சைக்கிளை அலுவலகக் கொட்டகையிலேயே பூட்டிவிட்டுப் பேருந்தில் வீடு போனாள்.

வீட்டில் அவளும் கணவரும் மாமியாரும்தான். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருவதால் வீட்டுக்குள் வந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிடுவார். மாமியார் முப்பத்தொரு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். பாடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாள் என்று எல்லாவற்றிலும் பிழை பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைக்கூடச் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டுதான் பிரிப்பார் என்று மகன் கேலி செய்வார்.

"சைக்கிள் எங்க?" என்றார் அத்தை, கதவைத் திறந்த உடனே.

"பஞ்சர்."

"நேத்து கடுகு தாளிக்கும்போது அடுப்பையே பத்த வைக்காம நின்ன. முந்தாநாள் உன் மூக்குக் கண்ணாடிய நீயே போட்டுக்கிட்டுத் தேடுன. இன்னைக்குப் பஞ்சர். என்ன விஷயம்?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கைப்பேசியில் அந்தக் கடைசி மெயிலையும் காட்டினாள். கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. அங்கேயே ஒரு தாளை இழுத்து, 'அடேய், ஆம்பளையா இருந்தா' என்று ஆரம்பித்துப் பதில் எழுதத் தொடங்கினார். பாதிப் பக்கம் எழுதியதும் அத்தை அதைப் பிடுங்கி, பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல ஆறு தப்பு" என்றார். "ஏழாவது தப்பு, அனுப்பணும்னு நினைச்சது."

"அப்போ சும்மா இருக்கச் சொல்றியாம்மா?"

"சும்மா இருக்கச் சொல்லல. வாயக் கொடுக்காதன்னு சொல்றேன். அவனுக்கு வேண்டியதே அதுதான்." பிறகு மருமகளிடம் திரும்பினார். "இதெல்லாம் மொத்தம் எத்தனை இருக்கும்?"

"இருநூறு தாண்டிருச்சு அத்தை."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன்."

"இனிமே நீ படிக்காத. நான் படிக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு அத்தை இந்தக் கர்மம்? ரொம்ப அசிங்கமா எழுதியிருக்கானுங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. முப்பத்தொரு வருஷம் எழுத்தத்தான் பாத்தேன், அர்த்தத்த இல்ல. அதுவும் போக, உன்னைத் திட்டுறதுல எனக்கு இருக்கிற அனுபவத்துக்கு இவனுங்க என்ன எழுதிடப் போறானுங்க?"

மூன்று நாளில் முதல் தடவையாகத் துளிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. கணவர் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை அவள் மேலாளர் அறைக்குப் போனாள். அவர் அந்த மிரட்டல் மெயிலைப் படித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இத நேத்தே காட்டியிருக்கலாமே. நான் ஏதோ வெறும் திட்டுன்னுல்ல நினைச்சேன்."

கணினிப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார்கள். எதையும் அழிக்கக்கூடாது, ஒரு எழுத்துக்கூட மாற்றக்கூடாது, போலீஸ் கேட்டால் அசல் மெயிலே வேண்டும் என்றார் அவர். நீச்சல்குளம் பற்றி வருவதெல்லாம் அவள் கண்ணில் படாமல் தனியாக ஓரிடத்தில் போய் விழும்படி செய்து கொடுத்தார். அந்த வேலை முடிய நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரி, அதையெல்லாம் யார் படிக்கிறது?" என்றார் மேலாளர். அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க சார். புரூஃப் ரீடரா இருந்தவங்க. இங்கயே வந்து படிச்சுப் பிரிச்சுக் கொடுக்கிறேன்னு சொல்றாங்க."

"யாரு?"

"எங்க மாமியார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்களைத் திட்டி வந்த மெயில… உங்க மாமியாரா?"

"ஆமா சார்."

"அவங்களுக்குச் சம்மதம்னா எனக்கு என்ன?"

பத்து மணிக்கு அத்தை வந்தார். கைப்பையில் கண்ணாடிக் கூடு, ஒரு அடி ஸ்கேல், சிவப்புப் பேனா இரண்டு. வரவேற்பறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். அச்செடுத்த தாள்களை ஸ்கேலை வைத்து வரிவரியாக, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி படித்தார். மத்தியானத்துக்குள் மேசைமேல் மூன்று அடுக்குகள் உருவாகிவிட்டன. தேநீர் கொண்டுபோன துளியிடம் விளக்கம் சொன்னார்.

"இது வெயில். குளம் மூடிருச்சு, வீட்டுல புழுக்கம், எவன் மேலயாவது காட்டணும்னு எழுதினது. இவங்களுக்கு எப்ப தொறப்பீங்கன்னு ஒரு வரி பதில் போதும், அத அலுவலகமே போடட்டும். இது வாய். வாய் மட்டும்தான், வேற சரக்கு ஒண்ணும் கிடையாது. இதுக்குப் பதிலே வேணாம். இது கை. கை நீட்டுவேன்னு சொல்றவங்க. மொத்தம் அஞ்சு. இது போலீஸுக்கு."

இருநூற்று முப்பதில் ஐந்து. துளிக்கு அந்த எண்ணிக்கை ஒரு மருந்து மாதிரி இருந்தது. அதுவரை அவளுக்கு ஊரே கையை ஓங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி தோன்றியிருந்தது. வெயில் அடுக்குதான் இருப்பதிலேயே உயரம். கை அடுக்கு ஒரு கிளிப்புக்குள் அடங்கிவிட்டது.

"இன்னொண்ணு" என்றார் அத்தை. "அஞ்சுல நாலு வேற வேற முகவரி. ஆனா நாலும் ஒரே ஆளு."

"எப்படிச் சொல்றீங்க?"

"இங்க பாரு. ஞாபகம்னு எழுதாம நியாபகம்னு எழுதியிருக்கான். அது பரவாயில்ல, ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் எழுதுறாங்க. ஆனா கமாவுக்கு முன்னாடி இடம் விட்டு, பின்னாடி ஒட்டி எழுதுறான். வரி முடிஞ்சா ஒரு புள்ளி இல்ல, ரெண்டு புள்ளி. இந்த மூணும் சேந்து நாலுலயும் இருக்கு." பிறகு வெயில் அடுக்கின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். "இதுலயும் இருக்கு. முதல் நாளே வந்தது. ரொம்ப மரியாதையா, எப்போது திறப்பீர்கள் என்பதை நியாபகமாகத் தெரிவிக்கவும்னு கேட்டிருக்கான். இதுல அவன் சொந்தப் பேரே போட்டிருக்கான்."

சாயங்காலம் கணவரும் வந்து சேர, மூவருமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாதவர். ஐந்து தாளையும், பெயர் போட்டு வந்த அந்த ஒன்றையும் இரண்டு முறை படித்தார். கமா விஷயத்தை அத்தை எடுத்துச் சொன்னபோது தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இத மட்டும் வச்சு இவர்தான்னு முடிவு கட்ட முடியாதும்மா. ஆனா முதல்ல யார்கிட்ட பேசணும்னு தெரிஞ்சுபோச்சு. அசல் மெயில் எல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு."

"இந்த அஞ்சுக்கும் பதில் எதுவும் போடலையே?"

கணவர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். "போடல" என்றார் அத்தை.

தகவல் வரும்வரை தனியாகப் போகாதீர்கள் என்றார் அதிகாரி. அதனால் அடுத்த வாரம் முழுக்கக் கணவர் வேலைக்குப் போகிற வழியில் அவளை விட்டுவிட்டுப் போனார். திரும்பும்போது பக்கத்து மேசைக்காரி பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். துளிக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது. நாலு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்தப் பெண்ணுக்குத் தாவரங்கள் மேல் அவ்வளவு பைத்தியம் என்று துளிக்குத் தெரியாது. அந்த நடையில்தான் தெரிந்தது.

காவல் நிலையம் போய்வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அத்தை சின்ன அறையிலிருந்து கையில் ஒரு தாளோடு வந்தார். அதை மருமகளிடம் கொடுக்காமல் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இது வாய் அடுக்குல இருந்தது. நம்ம எல்லாரையும் அறிவுகெட்ட ஜென்மங்கள்னு சொல்றாரு. அத விடு. ஆனா திட்டுக்கு நடுவுல ஒரே ஒரு வாக்கியம் நல்லா இருக்கு. அத மட்டும் வாசிக்கட்டுமா?"

"வாசிங்க அத்தை."

"'சின்னப் பிள்ளைகள் குளத்துக்குப் பின்னால் கால் கழுவும் மேடை பக்கம் பத்து நாளாகச் சாக்கடை நாற்றம் அடிக்கிறது.' அவ்வளவுதான். அதுக்கப்புறம் மறுபடி ஜென்மங்கள் வந்துருது."

துளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். குளத்தின் சுத்திகரிப்பு இயந்திரத்தையும் மருந்துக் கணக்கையும் ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. கழிவு எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. கால் கழுவும் மேடைப் பக்கம் எவரும் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் குழாய்க்காரரோடு அங்கே இருந்தாள். ஆளில்லாத குளம், மதிய வெயிலில் தகடு மாதிரி மின்னியது. மேடைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்த குழாய்க்காரர், "அம்மாடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரைபடத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் கழிவுக் குழாயே இல்லை. துளி தன் பெட்டியிலிருந்து பச்சைச் சாயப்பொடியை எடுத்து, உடை மாற்றும் அறைக் கழிப்பறையில் கரைத்து ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு இருவருமாகப் பிள்ளைகள் குளத்துக்கு அடியில் இருந்த சமநிலைத் தொட்டியின் மூடியைத் தூக்கிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்கள். குளத்தில் வழிகிற தண்ணீர் அங்கேதான் வந்து சேரும்.

"எவ்வளவு நேரம் பாக்குறது?" என்றார் குழாய்க்காரர்.

"ஒரு அரை மணி."

பத்தொன்பதாவது நிமிஷம் தொட்டியின் சுவர் ஓரமாகப் பச்சையாக ஒரு நூல் இறங்கியது. பிறகு அது கயிறாயிற்று. துளி குழாய்க்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில், அவர் கையிலிருந்த டார்ச் தொட்டிக்குள் விழப் பார்த்தது.

தோண்டிப் பார்த்தபோது வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய குழாய் தெரிந்தது. மரவேர் அதைப் பிளந்திருந்தது. கழிவு கசிந்து தொட்டிச் சுவரின் விரிசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, தொட்டியைப் பூசி, குளத்தைக் காலிசெய்து கழுவி நிரப்புவதற்கு எட்டு நாள் ஆகும் என்றார்கள். தேதியோடு அலுவலகம் ஒரு அறிவிப்புப் போட்டது. மெயில்கள் ஒரேயடியாகக் குறைந்தன. வெயில் அடுக்கில் இருந்த சிலர் நன்றி என்று எழுதினார்கள்.

நாற்றத்தைப் பற்றிச் சொன்னவருக்குத் துளியே பதில் எழுத வேண்டும் என்றாள். அத்தை சம்மதித்தார். 'நீங்கள் சொன்ன இடத்தில்தான் குழாய் உடைந்திருந்தது. மிக்க நன்றி' என்று எழுதினாள். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: 'ஜென்மங்கள் என்று எழுதியதை எடுத்துக்கொள்ளவும்.'

அத்தை அதை ஸ்கேல் வைத்து மூன்று தடவை படித்தார். "திருப்பி எடுத்துக்கிறேன்னு சொல்றாரா, இல்ல நம்மள எடுத்துக்கச் சொல்றாரா?"

அன்று மேலாளர் உட்பட ஆய்வுக்கூடமே சிரித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெண் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். ஆள் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆய்வுக்கூடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் வேலை பார்ப்பவர். ஜன்னலிலிருந்து பார்த்தால் சைக்கிள் கொட்டகை தெரியும். தினமும் காலையில் நீந்துகிறவர், மூட்டுவலிக்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்று அவர் அலுவலகத்தில் சொன்னார்களாம். பயமுறுத்தத்தான் எழுதினேன், வேறு எண்ணமே இல்லை என்று அழுதாராம். ஐந்தாவது மெயில் பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவன் ஒருவன் எழுதியது. அவன் அம்மாவே அவனை நிலையத்துக்கு இழுத்து வந்துவிட்டாராம்.

"ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்கணும்னு சொல்றாங்க. புகார வாபஸ் வாங்குறீங்களா? அது உங்க இஷ்டம்" என்றார் அதிகாரி.

துளி தலையைத் திருப்பினாள். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடி தெரிந்தது. ஜன்னல்களில் வெயில் அடித்ததால் உள்ளே யாரும் தெரியவில்லை. பேருந்தில் போன அந்த முதல் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போயிருந்தாள்.

"அந்தப் பையன் அவங்கம்மாகிட்ட பட்டதே போதும். இவரு விஷயத்துல வாபஸ் வாங்கல மேடம்" என்றாள். "சட்டப்படி என்னவோ அது நடக்கட்டும். மன்னிப்ப மெயில்ல மட்டும் அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்க."

தொலைபேசியின் அந்தப் பக்கம் அதிகாரி சிரிப்பது கேட்டது.

அந்த மனிதர் இனி அவளைத் தொடர்பு கொள்ளக்கூடாது, அவள் போகிற வழியில் நிற்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. அவர் அலுவலகம் அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டது. வழக்கு அதன் போக்கில் நடந்தது. துளிக்கு வெற்றி பெற்ற மாதிரியெல்லாம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவள், மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எழுந்தபோது கணவர் பாலத்துக்கு அடியில் விளக்குப் போடச் சொல்லி நகர அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி முடித்திருந்தார். அத்தை அதைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டே தப்புதான்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

திங்கட்கிழமை அவள் மறுபடி சைக்கிளில் போனாள். அலுவலகத்தில் இதற்குள் ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது: அறிவிப்புகளில் இனித் தனி ஆளின் மெயில் முகவரி வராது, அலுவலகத்தின் பொது முகவரிதான். பெயரையும் எடுத்துவிடலாமா என்று மேலாளர் கேட்டார். பெயர் இருக்கட்டும் என்றாள் துளி. எண்ணியது அவள்தானே.

புதுத் தண்ணீரின் தட்டை அவளே பெட்டியிலிருந்து எடுத்து விளக்கின் கீழ் வைத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாகத் தேடினாள், நடுவில் எந்த வரியும் குறுக்கே வரவில்லை. மறுநாள் தட்டும் அப்படியே. கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை குளம் திறந்தது. வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. துளி, கணவர், அத்தை மூவரும் வரிசையின் நடுவில் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற, தோளில் துண்டு போட்ட பெரியவர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். அறிவிப்போடு அவள் படமும் ஊரெல்லாம் சுற்றியிருந்ததோ என்னவோ.

"நீங்கதானே மூடினது?"

கணவரின் தோள் விறைத்தது. அத்தை அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க" என்றாள் துளி.

"இப்ப தண்ணி நல்லாருக்கா?"

"நான் இறங்கத்தான் வந்திருக்கேன்."

பெரியவர் தலையாட்டினார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். கதவு திறந்ததும் அவர்தான் முதல் ஆளாக ஓடிப்போய்த் தண்ணீரில் குதித்தார்; கரையில் நின்றவர்கள் எல்லோரும் நனைந்தார்கள். அத்தை ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டார். "ஐயோ, என்ன சில்லுனு!" என்று கத்தினார். துளி மூச்சை இழுத்துப் பிடித்து, முழுசாக முங்கி, எதிர்ப்பக்கச் சுவர் கையில் படும்வரை நீந்தினாள்.